கடன் ஒருவர் பெயரில், வீடு யார் பெயரில்?

என் பெரியம்மா மகள் தனியார் பள்ளி ஆசிரியை. தாம்பரத்தைத் தாண்டி ஓர் அடுக்ககத்தில் இரண்டு படுக்கையறை வீடு ஒன்றை அவளும் அத்தானும் பார்த்து வைத்தார்கள். அத்தானின் சம்பளத்துக்கு வங்கி கொடுக்க முன்வந்த கடன் 17 லட்சம். தேவைப்பட்டதோ 25 லட்சம். அக்காவின் சம்பளச் சீட்டையும் சேர்த்துக் காட்டிய பிறகுதான் முழுத்தொகையும் கிடைத்தது. கடன் ஒப்பந்தத்தில் பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட்டுக் கை வலித்தது என்று அக்கா இன்றும் சொல்வாள். கிரையப் பத்திரத்தில் மட்டும் அவள் பெயர் இல்லை. ஆவண எழுத்தர், "சார் பேர்லயே இருக்கட்டும், அப்புறம் வேணும்னா சேத்துக்கலாம்" என்றார். அன்று அது யாருக்கும் பெரிய விஷயமாகப் படவில்லை.

ஒன்பதாவது வருடம் அத்தான் மாரடைப்பில் போய்விட்டார். உயில் இல்லை, கடனுக்குக் காப்பீடும் இல்லை. 9 சதவீத வட்டி, 20 வருடக் கடன், மாதம் 22,500 ரூபாய் தவணை. ஒன்பது வருடத்தில் 24 லட்சத்துக்கு மேல் கட்டியும் மீதி 19 லட்சத்துக்குப் பக்கத்தில் நின்றது. அந்த மீதி முழுவதும் அக்காவின் தலையில். வீட்டில் அவளுக்கு உரியது நான்கில் ஒரு பங்கு.

ஏன் அப்படி ஆனது, வேறு எப்படிச் செய்திருக்கலாம் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டதை வைத்துத்தான் இதை எழுதுகிறேன். வீடு வாங்கப் போகும் கணவன் மனைவிக்கு முன்னால் நான்கைந்து வழிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் யாருக்கு என்ன உரிமை, யாருக்கு என்ன சுமை என்பது வேறு வேறு.

கடன் தாள் வேறு, பத்திரம் வேறு

வங்கியில் போடுகிற ஒப்பந்தம் பணத்தைப் பற்றியது. வீடு யாருடையது என்பதை அது சொல்லாது. சொத்து மாற்றுச் சட்டம் 1882, பிரிவு 54-இன்படி 100 ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள வீடு, மனை எதுவும் விற்பனையில் கை மாற வேண்டுமென்றால் பதிவு செய்த பத்திரம் வேண்டும். அந்தப் பத்திரத்தில் "எழுதி வாங்குபவர்" என்று யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர். மாதாமாதம் தவணை கட்டிய வங்கி அறிக்கை ஒரு கட்டு இருந்தாலும் அது பத்திரத்துக்கு ஈடாகாது. பட்டாவும் வீட்டு வரி ரசீதும் கூட வருவாய்த் துறைக்கும் மாநகராட்சிக்கும் ஆன பதிவுகள்தான்.

"கல்யாணம் ஆகிவிட்டால் புருஷன் சொத்தில் பாதி பெண்டாட்டிக்கு" என்று நம்புகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். கோவாவில் போர்ச்சுகீசியர் காலத்துக் குடிமைச் சட்டம் இன்னும் நடப்பில் இருப்பதால் அங்கே கிட்டத்தட்ட அப்படித்தான். தமிழ்நாட்டில் அப்படி ஒரு சட்டம் கிடையாது. விவாகரத்து நடந்தாலும் இந்து திருமணச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு, திருமணத்தையொட்டிப் பரிசாக வந்த, இருவருக்கும் பொதுவான பொருள்களைப் பற்றி மட்டுமே பேசுகிறது. கல்யாணத்துக்குப் பிறகு வாங்கிய வீட்டை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக் கொடுக்க அதில் வழியில்லை.

ஒரு தீர்ப்பைப் பலரும் சுட்டிக்காட்டுவார்கள். 2023 ஜூன் மாதம் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி அளித்தது. கணவர் வெளிநாட்டில் சம்பாதித்தார், மனைவி வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டார். வாங்கிய சொத்தில் மனைவியின் வீட்டு உழைப்பும் ஒரு முதலீடுதான், அவருக்குச் சம பங்கு உண்டு என்று நீதிபதி சொன்னார். படித்தபோது மனது நிறைந்தது. ஆனால் அந்தப் பெண்மணிக்கு அது இரண்டாவது மேல்முறையீட்டில்தான் கிடைத்தது. வீட்டு உழைப்பை இப்படிக் கணக்கில் எடுக்க நேரடியான சட்டம் இதுவரை இயற்றப்படவில்லை என்பதையும் அந்தத் தீர்ப்பே பதிவு செய்கிறது. பதிவு அலுவலகத்தில் ஒரு பெயரைச் சேர்ப்பதில் முடிகிற விஷயத்தை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோக யாரும் திட்டமிட வேண்டாம்.

கடனும் பத்திரமும் ஒருவர் பெயரிலேயே

நம் ஊரில் அதிகம் நடப்பது இதுதான். கணவர் சம்பாதிக்கிறார், கடனும் அவர் பெயரில், பத்திரமும் அவர் பெயரில். மனைவிக்கு இதில் ஒரு பாதுகாப்பு உண்டு என்பதை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். கடனில் அவள் கையெழுத்து இல்லாததால் தவணை நின்றாலும் வங்கி அவள் சம்பளத்தையோ நகையையோ தேடி வராது. கடனை ஒழுங்காகக் கட்டுகிறவரா என்று காட்டும் அவளுடைய சிபில் மதிப்பெண்ணும் பாதிக்காது. நாளைக்கு அவள் தனியாக ஒரு கடன் வாங்க நினைத்தாலும் தடை இல்லை. கணவர் இறந்துவிட்டால், அவர் விட்டுப்போன சொத்தின் அளவுக்குத்தான் அவருடைய கடன் வாரிசுகளைத் தொடரும்.

உரிமை என்று பார்த்தால் கை வெறுமை. கணவர் அந்த வீட்டை விற்கலாம், மறு அடமானம் வைக்கலாம், தம்பிக்கு எழுதி வைக்கலாம். எதற்கும் மனைவியின் கையெழுத்தைச் சட்டம் கேட்பதில்லை. குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2005, பெண்ணுக்குக் குடும்பமாக வாழ்ந்த வீட்டில் வசிக்கும் உரிமையைத் தருகிறது. பத்திரத்தில் பெயர் இருக்க வேண்டியதில்லை. வீடு மாமனார் பெயரில் இருந்தாலும் அது பொருந்தலாம் என்று உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபரில் தெளிவுபடுத்தியது. ஆபத்தான நேரத்தில் மிகப் பெரிய துணை அது. ஆனாலும் அது தங்கும் உரிமைதான், பங்கு உரிமை ஆகாது. வங்கியையும் அதை வைத்து நிறுத்த முடியாது. தவணை 90 நாளுக்கு மேல் நிலுவையாகிவிட்டால் கடன் வாராக் கடனாகிறது. அதன்பின் 2002-ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டப்படி 60 நாள் அவகாசம் கொடுத்து நோட்டீஸ் வரும். அதுவும் முடிந்தால் வீட்டுக் கதவில் ஏல அறிவிப்பு ஒட்டப்படும்.

அடுத்தது மரணம். உயில் இல்லாமல் ஓர் இந்து ஆண் இறந்தால், இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956-இன்படி மனைவி, மகன்கள், மகள்கள், அவருடைய அம்மா எல்லோருக்கும் தலைக்கு ஒரு பங்கு. அக்காவுக்கு இரண்டு பிள்ளைகள், மாமியார் உயிரோடு இருந்தார். அதனால்தான் நான்கில் ஒன்று. கிறிஸ்தவக் குடும்பத்தில் பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி பிள்ளைகளுக்கு. முஸ்லிம் குடும்பத்தில் பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு எட்டில் ஒரு பங்கு, இல்லையென்றால் நான்கில் ஒன்று.

கடனில் இருவர், பத்திரத்தில் ஒருவர்

இதுதான் அக்கா மாட்டிக்கொண்ட வழி. இருக்கிற வழிகளிலேயே மோசமானது இதுதான் என்று தயங்காமல் சொல்வேன். வங்கிகளின் பழக்கத்தைக் கவனியுங்கள். பத்திரத்தில் பெயர் உள்ள எல்லோரையும் கடனில் சேர்க்கச் சொல்வார்கள். கடனில் இருப்பவர்களைப் பத்திரத்தில் சேர்க்கச் சொல்ல மாட்டார்கள். அவர்களுக்கு வேண்டியது திரும்பி வரும் பணம். யாருடைய சம்பளமும் அதற்கு உதவும்.

இணைக் கடனாளி என்றால் பாதிக் கடனுக்குப் பொறுப்பு என்று நினைக்கிறார்கள். தவறு. இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 43-இன்படி சேர்ந்து வாக்குக் கொடுத்தவர்களில் யார் ஒருவரிடமும் முழுத்தொகையையும் கேட்கலாம். கணவர் கட்டவில்லை, பிரிந்து போய்விட்டார், இறந்துவிட்டார் என்பதெல்லாம் வங்கிக்குக் காரணமே ஆகாது. அக்காவின் கணக்கிலிருந்து மாதம் 5-ஆம் தேதி 22,500 ரூபாய் எடுக்கப்பட்டுக்கொண்டே இருந்தது. பத்திரத்தில் பெயர் இல்லாததால் அந்த ஒன்பது வருடமும் அவள் பங்குக்கு வருமான வரியில் வட்டிக் கழிவும் கேட்க முடியவில்லை. அந்தக் கழிவு உரிமையாளருக்குத்தான்.

வாரிசுச் சான்று வாங்கத் தாசில்தார் அலுவலகம், வங்கி, சார் பதிவாளர் அலுவலகம் என்று அலைந்த கதையை விட்டுவிடுகிறேன். இரண்டு முடிச்சுகளை மட்டும் சொல்கிறேன். முதலாவது மாமியாரின் பங்கு. அவர் நல்லவர், மருமகள் மேல் பாசமும் உண்டு. ஆனாலும் தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுக்க நான்கு வருடம் ஆனது. "இருக்கற பிள்ளைங்க என்ன நினைப்பாங்களோ" என்ற தயக்கம்தான். அந்த நான்கு வருடத்துக்குள் அவர் காலமாகியிருந்தால், அவருடைய கால் பங்கு மற்ற மகனுக்கும் மகளுக்கும், இறந்துபோன மகனின் பிள்ளைகளுக்கும் என்று மேலும் சிதறியிருக்கும்.

இரண்டாவது முடிச்சு பிள்ளைகள். மைனர்களின் பங்கை அம்மாவே ஆனாலும் நீதிமன்ற அனுமதி இல்லாமல் விற்க முடியாது. இந்து சிறார் மற்றும் காப்பாளர் சட்டம் 1956, பிரிவு 8 அப்படிச் சொல்கிறது. பிள்ளைகளின் நன்மைக்கான விதி என்பதால் அதைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் தவணை கட்ட முடியாமல் போன ஒரு வருடம், வீட்டை விற்றுக் கடனை அடைத்துவிட்டுச் சின்ன வீடாகப் பார்க்கலாம் என்று அக்கா நினைத்தபோது, அதுவே பெரிய பூட்டாக வந்து நின்றது. கடைசியில் நகையை அடகு வைத்துத்தான் அந்த வருடத்தைத் தள்ளினாள்.

பத்திரம் மனைவி பெயரில், தவணை கணவர் சம்பளத்தில்

இதைக் கேட்டவுடனே "பினாமி ஆகிவிடாதா?" என்ற பயம் வரும். ஆகாது. 1988-ஆம் ஆண்டுப் பினாமிச் சட்டம் 2016 நவம்பர் 1 முதல் கடுமையாக்கப்பட்டபோதும், கணவனோ மனைவியோ கணக்கில் காட்டிய வருமானத்திலிருந்து பணம் கட்டித் தன் துணையின் பெயரிலோ பிள்ளையின் பெயரிலோ வாங்குவதற்கு விலக்கு உண்டு. பணம் எங்கிருந்து வந்தது என்று காட்ட முடிய வேண்டும், அவ்வளவுதான்.

மனைவியின் கையில் இது வலுவான நிலை. அவள் அறியாமல் வீடு கை மாறாது. இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு, பெண் பெயரில் உள்ள சொத்து அவளுக்கே முழு உரிமை என்கிறது. கணவர் சொந்தத் தொழில் செய்கிறவர், நண்பர்களுக்கு ஜாமீன் கையெழுத்துப் போடுகிறவர் என்றால், குடும்பத்தின் ஒரே வீடு அவருடைய தொழில் கடன்களிலிருந்து விலகி நிற்கும். ஆனால் கடன்காரர்கள் நெருக்க ஆரம்பித்த பிறகு அவசர அவசரமாக மனைவி பெயருக்கு மாற்றினால் செல்லாமல் போகலாம். கடன் கொடுத்தவரை ஏமாற்றச் செய்த மாற்றத்தை ரத்து செய்யக் கேட்கும் வழியைச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 53-ஆம் பிரிவு தருகிறது. வீடு வாங்கும் அன்றே செய்தால் அந்தப் பேச்சு எழாது.

சிக்கல்களும் உண்டு. மனைவிக்குச் சம்பளம் இல்லாவிட்டாலும் உரிமையாளர் என்ற முறையில் வங்கி அவளைக் கடனில் சேர்க்கச் சொல்லும். கணவர் பத்திரத்தில் இல்லாததால் அவருக்கு வட்டிக் கழிவு கேட்பது கடினம். கணவர் பணத்தில் வாங்கி மனைவி பெயரில் இருக்கும் வீட்டை வாடகைக்கு விட்டால், அந்த வாடகை பெரும்பாலும் கணவர் வருமானத்தோடுதான் சேரும். பிரிவு வந்தால், முழுப் பணமும் கட்டிய கணவர் "நான்தான் கட்டினேன்" என்று நிரூபிக்கப் படாத பாடு பட வேண்டும். அவர் பக்க நியாயத்தையும் நாம் பார்க்கத்தானே வேண்டும்.

பலருக்கும் தெரியாத இன்னொன்று, பெண்ணின் சொத்து போகும் வழி. அவள் உயில் எழுதாமல் இறந்தால் முதலில் பிள்ளைகளுக்கும் கணவருக்கும். பிள்ளையும் இல்லை, கணவரும் இல்லை என்றால் அவள் சொந்தமாகச் சம்பாதித்து வாங்கிய வீடு கூட முதலில் கணவரின் வாரிசுகளுக்குத்தான் போகும். அவளைப் பெற்றவர்கள் அதற்கு அடுத்த வரிசையில்தான் வருகிறார்கள். பிள்ளை இல்லாத பெண்கள், கணவரை இழந்த பெண்கள் அவசியம் உயில் எழுத வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

பெண் பெயரில் பதிந்தால் சலுகை உண்டே என்று கேட்பீர்கள். 2025 ஏப்ரல் 1 முதல் தமிழ்நாட்டில் 10 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. கிராமத்து மனைக்கும் சிறு வீட்டுக்கும் நல்ல சலுகை. சென்னை அடுக்கக வீடு இந்த வரம்புக்குள் வராது. சில வங்கிகள் பெண் விண்ணப்பதாரருக்கு 0.05 சதவீதம் வட்டி குறைக்கின்றன. 25 லட்சத்துக்கு அது மாதம் 80 ரூபாய் போல வரும். இந்த 80 ரூபாயை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

பத்திரத்தில் இருவரும்

பெரும்பாலான குடும்பங்களுக்கு என் தேர்வு இதுதான். கடன் ஒருவர் சம்பளத்தில் ஓடினாலும் சரி, இருவர் சம்பளத்தில் ஓடினாலும் சரி, பத்திரத்தில் இரண்டு பெயரும் இருக்கட்டும். முத்திரைத் தீர்வை சொத்தின் மதிப்புக்குத்தான், பெயரின் எண்ணிக்கைக்கு இல்லை. இரண்டாவது பெயரை வாங்கும் அன்றே சேர்க்க ஒரு ரூபாய் கூட அதிகத் தீர்வை கிடையாது.

எப்படி எழுதுகிறோம் என்பதில் கவனம் வேண்டும். "இருவரும் சேர்ந்து வாங்குகிறோம்" என்று மட்டும் எழுதிவிட்டால், பின்னால் தகராறு வரும்போது சொத்து மாற்றுச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு முன்னே வரும். பொதுப் பணத்தில் வாங்கியிருந்தால் அந்தப் பணத்தில் அவரவருக்கு இருந்த பங்குப்படி, தனித்தனிப் பணத்தில் வாங்கியிருந்தால் அவரவர் போட்ட விகிதப்படி. எதற்கும் ஆதாரம் இல்லையென்றால் சம பங்கு. அப்படியானால் வீட்டைப் பார்த்துக்கொள்ளும் மனைவிக்கு, பணம் போட்டதற்கு ஆதாரம் கேட்டு வாதம் கிளம்பலாம். "ஆளுக்குச் சரிபாதி, பிரிபடாத பாகம்" என்று பத்திரத்திலேயே எழுதிவிட்டால் இந்த வாதத்துக்கு இடம் குறைந்துவிடும். 60-க்கு 40 என்று போடுவதாக இருந்தாலும் எழுத்தில் இருக்கட்டும்.

பிரதிபலன் பத்தியையும் ஒரு முறை நிதானமாகப் படியுங்கள். எந்தத் தேதியில், எந்த வங்கிக் காசோலை மூலம், எவ்வளவு கொடுக்கப்பட்டது என்று அதில் வரிசையாக இருக்கும். முன்பணத்துக்கு மனைவியின் நகையை விற்ற குடும்பங்கள் எத்தனையோ. சீதனம் பெண்ணின் தனிச் சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1985-லேயே சொல்லிவிட்டது. ஆனால் நகையை விற்ற காசு கணவர் கணக்குக்குப் போய், அங்கிருந்து கட்டுநருக்குக் காசோலையாகப் போனால், காகிதத்தில் அது கணவர் பணம். நகைக் கடை ரசீதை அவள் பெயரில் வாங்கி, தொகையை அவள் கணக்கில் போட்டு, அங்கிருந்தே கட்டுநருக்கு அனுப்பி, அந்தப் பரிவர்த்தனை எண்ணைப் பிரதிபலன் பத்தியில் சேர்க்கச் சொல்லுங்கள். ஆவண எழுத்தருக்கு அது இரண்டு வரி வேலை.

வங்கி இரண்டு உரிமையாளர்களையும் கடனில் சேர்க்கச் சொல்லும் என்பதால், இந்த வழியில் மனைவியும் முழுக் கடனுக்கும் பொறுப்பாகிறாள். இதுதான் இதன் விலை. அந்த விலைக்குச் சொத்தில் பாதி கிடைக்கிறது என்பதுதான் அக்காவின் நிலைக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம். இருவரும் சம்பாதிப்பவர்கள் என்றால் வரியிலும் பலன் உண்டு. பழைய வரி முறையில் இருக்கும் இணை உரிமையாளர்கள், தாங்களே குடியிருக்கும் வீட்டுக்கு ஆளுக்கு 2 லட்சம் வரை வட்டியும், 1.5 லட்சம் வரம்புக்குள் அசலும் கழித்துக்கொள்ளலாம். புதிய முறையில் இருப்பவர்களுக்கு இது இல்லை.

வங்கிக் கணக்கில் "இருவரில் ஒருவர் அல்லது உயிரோடிருப்பவர்" என்று போடுவது போல வீடும் தானாக மற்றவருக்கு வந்துவிடும் என்று நினைக்காதீர்கள். வராது. இறந்தவரின் பாதி அவருடைய வாரிசுகளுக்குப் போகும். அக்காவின் வீடு இருவர் பெயரில் இருந்திருந்தால் அவளுடைய பாதி அப்படியே நின்றிருக்கும். அத்தானின் பாதியில் நான்கில் ஒன்றும் சேர, மொத்தத்தில் எட்டில் ஐந்து பங்கு அவளுக்கு. மாமியாருக்கும் பிள்ளைகளுக்கும் எட்டில் ஒன்று வீதம். ஒருவருக்கொருவர் உயிலும் எழுதி வைத்திருந்தால் முழு வீடும் அவளுக்கே வந்திருக்கும். உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம், பதிவும் கட்டாயம் இல்லை. இரண்டு சாட்சிகள் நேரில் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். பதிந்து வைத்தால் பின்னால் சந்தேகம் கிளப்புவது கடினம் என்பதால் பதிவதே நல்லது.

பிரிந்து போகும் தம்பதிக்கு இந்த வழி தலைவலிதான், மறைக்கவில்லை. ஒருவர் சம்மதம் இல்லாமல் மற்றவர் முழு வீட்டையும் விற்க முடியாது. பாகப் பிரிவினை வழக்கு போட்டாலும் அடுக்கக வீட்டைச் சுவர் வைத்துப் பிரிக்கவா முடியும்? விற்றுப் பணத்தைத்தான் பிரிக்க வேண்டிவரும். வீட்டை விட்டுப் போனவரின் சிபிலிலும் தவணை பாக்கி ஏறும். கடனை ஒருவர் பெயருக்கு மாற்ற வேண்டுமென்றால், அந்த ஒருவரின் வருமானம் போதும் என்று வங்கி ஒப்புக்கொள்ள வேண்டும்.

இப்போது ஒருவர் பெயர், பிறகு சேர்த்துக்கொள்ளலாம்

ஆவண எழுத்தர் சொன்ன வழி இது. செய்ய முடியாததில்லை. தமிழ்நாட்டில் கணவன் மனைவிக்குள் செட்டில்மெண்ட் பத்திரம் (பணம் வாங்காமல் சொத்தை எழுதிக் கொடுப்பது) எழுத முத்திரைத் தீர்வை 1 சதவீதம், அதிகபட்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணமும் 1 சதவீதம், அதிகபட்சம் 10,000 ரூபாய். அதாவது வாங்கும் அன்று செலவே இல்லாமல் முடிந்திருக்க வேண்டியதற்கு 50,000 வரை போகும். கடன் நடந்துகொண்டிருக்கும்போது மூலப் பத்திரம் வங்கியில் இருக்கிறது. வங்கியின் சம்மதக் கடிதம் வாங்க வேண்டும், அதற்கு அவர்கள் கிளைக்கும் தலைமை அலுவலகத்துக்கும் இடையே கோப்பை அனுப்பி மாதக்கணக்கில் ஆக்குவதும் உண்டு. "அப்புறம்" என்பது பெரும்பாலான வீடுகளில் வராமலே போகிறது.

ஆனாலும் ஏற்கெனவே கடனில் இருவர், பத்திரத்தில் ஒருவர் என்று மாட்டியிருப்பவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். இந்த மாதமே வங்கியில் சம்மதம் கேட்டு எழுத்தில் ஒரு கடிதம் கொடுங்கள். பாதிப் பங்கை மட்டும் செட்டில்மெண்ட் செய்தால் போதும். வங்கி இழுத்தடித்தால், அதுவரைக்கும் பெயர் உள்ளவர் உயில் எழுதி வைக்கட்டும். செட்டில்மெண்ட் செய்தால் பிறகு மனம் மாறித் திரும்ப வாங்குவது எளிதல்ல என்பதை எழுதிக் கொடுப்பவர் புரிந்து செய்ய வேண்டும். உயிலை உயிரோடிருக்கும்வரை மாற்றலாம். அந்த வசதியே மற்றவருக்குப் பலவீனமும் கூட. முஸ்லிம் குடும்பங்களில் சொத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயில் எழுதவும், பொதுவாக மனைவி போன்ற வாரிசுக்கே உயில் எழுதவும் மற்ற வாரிசுகளின் சம்மதம் வேண்டும் என்பதால், அவர்கள் உயிலை மட்டும் நம்பியிருக்க முடியாது.

எந்த வழியை எடுத்தாலும் காப்பீடு

வங்கியில் கடனோடு சேர்த்து விற்கிற காப்பீடு, அதில் யார் பெயர் இருக்கிறதோ அவர் உயிருக்குத்தான். தவணை இருவர் சம்பளத்தில் கட்டப்படுகிறது, காப்பீடு கணவர் பெயரில் மட்டும் இருக்கிறது என்றால், மனைவி இறந்தால் ஒரு பைசா குறையாது. இருவர் பெயரிலும் அவரவர் சம்பளத்துக்கு ஏற்ற அளவில் எடுங்கள். வங்கியில்தான் எடுக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. வெளியே தனியாக எடுக்கும் டேர்ம் பாலிசியில் (குறிப்பிட்ட காலத்துக்கு உயிர்க் காப்பு மட்டும் தருவது), கடனை வேறு வங்கிக்கு மாற்றினாலும் பாதுகாப்பு தொடரும்.

அத்தானுக்கு அப்போது 41 வயது, சர்க்கரையும் இல்லை. 25 லட்சத்துக்கு ஒரு டேர்ம் பாலிசி இருந்திருந்தால் அந்த 19 லட்சம் அந்த மாதமே அடைந்திருக்கும்.

அக்கா போன வருடம் கடனை முடித்தாள். ரிசர்வ் வங்கியின் 2023 செப்டம்பர் 13 உத்தரவுப்படி, 2023 டிசம்பர் 1-க்குப் பிறகு கடன் முழுவதும் அடைந்த 30 நாளுக்குள் மூலப் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும். வங்கியின் தவறால் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. கடனாளி இறந்திருந்தால் வாரிசுகளிடம் எப்படித் திருப்பித் தருவது என்று ஒவ்வொரு நிறுவனமும் முறை வகுத்து வைத்திருக்க வேண்டும். அக்கா அந்த உத்தரவின் நகலைக் கையில் எடுத்துக்கொண்டு போனாள். பத்திரம் 22-ஆவது நாள் வந்துவிட்டது. அடமானம் தீர்ந்ததற்கான ரசீதுப் பத்திரத்தையும் பதிந்த பிறகு, பதிவுத் துறை இணையதளத்தில் இருவரும் உட்கார்ந்து வில்லங்கம் பார்த்தோம். அடமானப் பதிவுக்குக் கீழே ரசீது ஏறியிருந்தது. அதற்கு மேலே மாமியாரின் விடுதலைப் பத்திரமும் இருந்தது. மூத்தவளுக்கு 18 முடிந்துவிட்டது, சின்னவனுக்கு இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது.